உடைந்த குரோமோசோம் நுனிக்கு வழி தெரியுமா? மக்காச்சோளத்தில் விடை தேடிய பார்பரா மெக்ளின்டாக்

1983 அக்டோபர் 10. அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், லாங் ஐலண்ட் கடலோரம் இருக்கும் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடம். அந்த வளாகத்தில் தனியாக வசித்துவந்த 81 வயதுப் பெண்மணி ஒருவரின் வீட்டில் தொலைபேசி கிடையாது. அதனால் அந்த ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு தனக்குத்தான் என்ற விஷயத்தை, ஊருக்கே தெரிந்த மாதிரி, அவரும் ரேடியோ செய்தியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

அவர் பார்பரா மெக்ளின்டாக். மருத்துவ நோபலை யாருடனும் பகிராமல் தனியாக வாங்கிய ஒரே பெண் இன்றுவரை அவர்தான். பரிசு எதற்கு என்று கேட்டால், பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே பதில் இருக்கும்: குரோமோசோமில் இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்களைக் கண்டுபிடித்ததற்காக.

ஆனா, இரண்டு மாதம் கழித்து ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்ற மேடையேறியவர், தாவும் மரபணுக்களுக்கு முன்பாக வேறொரு விஷயத்துக்குக் கணிசமான நேரம் ஒதுக்கினார். உடைந்துபோன குரோமோசோம் நுனிகள். அவை எப்படி ஒன்றையொன்று கண்டுபிடித்து ஒட்டிக்கொள்கின்றன என்ற கேள்வி. அவர் அதைப் பார்த்துச் சுமார் 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பவும் அது அவரை விடவில்லை.

இன்று புற்றுநோய் ஆராய்ச்சியில் மிகவும் பேசப்படும் கேள்விகளில் அதுவும் ஒன்று. ஒரு சோளக்காட்டில் அது எப்படித் தொடங்கியது?

முதல்ல, என்ன உடையுது?

நம் உடம்பின் செல்களுக்குள் பொதுவாக உட்கரு என்று ஒரு சின்ன உருண்டை இருக்கும். குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராது. அதற்குள் சுமார் 2 மீட்டர் நீள டி.என்.ஏ, 46 குரோமோசோம்களாகச் சுருட்டி அடைக்கப்பட்டிருக்கிறது. கண்டபடி அடைத்துவைத்த துணி மூட்டை மாதிரி இல்லை. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனி ஏரியா உண்டு. சில பகுதிகள் உட்கருவின் சுவரை ஒட்டி இருக்கும், சில நடுவில். சில இடங்களில் டி.என்.ஏ நெருக்கமாகச் சுருண்டு கிடக்கும், சில இடங்களில் தளர்வாக.

இந்த டி.என்.ஏ அடிக்கடி உடையும். கதிர்வீச்சு பட்டால் உடையும். செல் பிரிவதற்காகப் பிரதி எடுக்கும்போதே சில சமயம் அறுந்துவிடும். இரண்டு இழையும் சேர்ந்து அறுந்துபோனால் அதுதான் ஆபத்து. அந்த இரண்டு நுனிகளையும் செல் மறுபடி சரியாகச் சேர்த்தாக வேண்டும். தவறான நுனியோடு சேர்ந்துவிட்டால், ஒரு குரோமோசோமின் பாதி இன்னொன்றின் பாதியோடு ஒட்டிக்கொள்ளும். பல ரத்தப் புற்றுநோய்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.

நைலான் கயிற்றை வெட்டினால் நுனி பிரிந்துகொண்டே வரும் இல்லையா? தீக்குச்சியில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது. குரோமோசோமின் இயற்கையான இரு முனைகளும் அப்படி உருக்கி அடைத்த முனைகள் மாதிரி. வேறு எதோடும் ஒட்டாது. நடுவில் உடைந்த நுனியோ, உருகிய சூட்டோடு இருக்கும் கயிறு மாதிரி. பக்கத்தில் எது வந்தாலும் ஒட்டப் பார்க்கும்.

இந்த வித்தியாசத்தை, டி.என்.ஏ-வின் வடிவம் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரண்டு பேர் தனித்தனியாகக் கவனித்தார்கள். ஒருவர் பழ ஈக்களை வைத்து ஆராய்ந்த ஹெர்மன் முல்லர். 1938-ல் அந்த இயற்கை முனைக்கு டெலோமியர் என்று பெயர் வைத்தவர் அவர். இன்னொருவர் மெக்ளின்டாக்.

எலினார், பார்பரா ஆன கதை

1902 ஜூன் 16 அன்று கனெக்டிகட் மாகாணத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். அப்பா ஹோமியோபதி மருத்துவர். வீட்டில் வைத்த முதல் பெயர் எலினார். கொஞ்ச நாளிலேயே, இந்தக் குழந்தையின் குணத்துக்கு அந்தப் பெயர் ரொம்ப மென்மையாக இருக்கிறது என்று பெற்றோருக்குத் தோன்ற, பார்பரா என்று மாற்றினார்கள். பின்னர் குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்தது.

பள்ளி முடிந்ததும் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றார். அம்மாவுக்கு விருப்பமில்லை. ரொம்பப் படித்த பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்ற, நமக்கும் நன்றாகவே தெரிந்த அதே கவலை. முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் போயிருந்த அப்பா திரும்பிவந்து மகள் பக்கம் நின்றார். 1919-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரியில் சேர்ந்தார் பார்பரா. அங்கே ஒரு ஜாஸ் குழுவில் பேஞ்சோ வாசித்தார். ராத்திரி தூக்கம் கெட்டதால் அதை விட்டுவிட்டார். 1927-ல் தாவரவியலில் முனைவர் பட்டம். கல்யாணம் கடைசிவரை நடக்கவில்லை. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் மரபியல் என்றால் பழ ஈ. மக்காச்சோளம் அதற்கு அடுத்த இடத்தில் இருந்தது. ஈ பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறையைக் கொடுத்துவிடும். சோளத்துக்கு ஒரு பருவம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். ஆனா சோளக்கதிரில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு மணியும் ஒரு தனிக் குழந்தை. ஒரே கதிரில் சில நூறு குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், நிறத்தைப் பார்த்தே பாதி மரபியலைச் சொல்லிவிடலாம்.

மெக்ளின்டாக் இன்னொன்றைச் சேர்த்தார். சோளத்தின் செல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அதன் 10 குரோமோசோம்களையும் நீளம், வடிவம், முடிச்சு ஆகியவற்றை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் காணக் கற்றுக்கொண்டார். இது நடக்கும்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. இனிமேல் மணியில் தெரியும் நிறத்தையும் செல்லுக்குள் தெரியும் குரோமோசோமையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கலாம். 1931-ல் ஹாரியட் கிரெய்ட்டன் என்ற மாணவியோடு சேர்ந்து அதைத்தான் செய்தார். மரபணுக்கள் இடம் மாறும்போது குரோமோசோம் துண்டுகளும் கண்ணுக்குத் தெரியும்படி இடம் மாறுகின்றன என்று நிரூபித்தார்கள். மரபியல் வரலாற்றில் இது பெரிய மைல்கல். இந்தக் கட்டுரைக்கு அது முக்கியமில்லை, அதனால் தாண்டிவிடலாம்.

எக்ஸ்ரே வந்தது, உடைப்பு தொடங்கியது

எக்ஸ்ரே கதிர் பட்டால் மரபணுக்கள் மாறும் என்று 1920-களின் இறுதியில் தெரியவந்திருந்தது. பழ ஈயில் காட்டியவர் முல்லர். பயிர்களில் காட்டியவர் மிசௌரி பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஸ்டாட்லர். 1931-ல் மெக்ளின்டாக் மிசௌரிக்குப் போய், ஸ்டாட்லர் எக்ஸ்ரே காட்டி வளர்த்த சோளச் செடிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்.

குரோமோசோம்கள் தாறுமாறாக உடைந்து கிடந்தன. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, உடைந்தவை உடைந்தபடியே இல்லை என்பது. நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சில குரோமோசோம்கள் தன் இரு நுனியும் தனக்குள்ளேயே ஒட்டி வளையமாக மாறியிருந்தன.

நடுவில் ஒரு ஜெர்மனி பயணம். 1933-ல் கூகன்ஹைம் உதவித்தொகையில் போனார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு. யூத விஞ்ஞானிகள் விரட்டப்படுவதை நேரில் பார்த்து மனம் வெறுத்து, சில மாதங்களிலேயே திரும்பிவிட்டார். அமெரிக்காவிலோ பொருளாதார மந்தநிலை. ஆண்களுக்கே பல்கலைக்கழக வேலை கிடைக்காத காலம். பெண்ணுக்கு? 1936-ல் ஸ்டாட்லர் முயன்று மிசௌரியில் உதவிப் பேராசிரியர் வேலை வாங்கிக்கொடுத்தார்.

உடையும், ஒட்டும், மறுபடி உடையும்

மிசௌரியில்தான் அவர் உடைந்த நுனியின் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்தார். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏன்னா மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு குரோமோசோமின் நுனி உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் பிரிவதற்கு முன் ஒவ்வொரு குரோமோசோமும் பிரதி எடுக்கப்படும். அப்போது இரண்டு பிரதிக்குமே உடைந்த நுனி இருக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். நுனியோடு நுனி ஒட்டிக்கொள்ளும். இப்போது செல் பிரியத் தொடங்குகிறது. ஒரு பிரதியை இந்தப் பக்கம் இழுக்கிறது, இன்னொன்றை அந்தப் பக்கம். ஆனா இரண்டும் ஒட்டியிருக்கின்றன. நடுவில் பாலம் மாதிரி இழுபட்டு, கடைசியில் பட்டென்று அறுந்துபோகும். அறுவது ஒட்டிய அதே இடத்தில்தான் என்று எந்த நிச்சயமும் இல்லை. எங்கேயாவது அறும். ஒரு செல்லுக்குக் கொஞ்சம் மரபணுக்கள் கூடுதலாகப் போகும், இன்னொன்றுக்கு அவ்வளவும் குறையும். இரண்டிலும் மறுபடி உடைந்த நுனி. அடுத்த பிரிவில் மறுபடி பிரதி, மறுபடி ஒட்டல், மறுபடி பாலம்.

இந்தச் சுழலை அவர் 1938 முதல் 1941 வரை வெளியிட்ட கட்டுரைகளில் விவரித்தார். இதன் விளைவு சோள மணியில் கண்ணாலேயே தெரிந்தது. நிறம் கொடுக்கும் மரபணு இருக்கும் 9-ஆம் குரோமோசோம் உடைந்து உடைந்து பிரியும்போது, சில செல்கள் அந்த மரபணுவை இழந்துவிடும். அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் நிறமற்றுப் போகும். மணி முழுக்கத் திட்டுத் திட்டாக, கோடு கோடாக நிறம்.

இதில் ஒரு புதிர் இருந்தது. சோள மணியில் இரண்டு பாகம் உண்டு. முளைத்துச் செடியாகப் போகும் கரு ஒன்று. அந்தக் கருவுக்குச் சாப்பாடாக இருக்கும் மாவுப் பகுதி இன்னொன்று. மாவுப் பகுதியில் இந்த உடைப்புச் சுழல் நிற்காமல் ஓடியது. கருவில் நின்றுபோனது. அதே உடைந்த 9-ஆம் குரோமோசோம், அதே மணி. ஆனா கருவுக்குள் போனதும் நுனி ஆறிவிடுகிறது, அதன் பிறகு எதோடும் ஒட்டுவதில்லை. 1941-ல் இதை வெளியிட்டார். ஒரு உடைப்பின் தலையெழுத்து, அது எந்த மாதிரி செல்லில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று சொன்ன முதல் ஆதாரங்களில் இதுவும் ஒன்று.

கருவில் அப்படி என்ன நடந்தது என்பதற்கான பதில் வர 40 ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. குரோமோசோம் முனையைப் புதிதாகக் கட்டித்தரும் டெலோமரேஸ் என்ற நொதியை 1980-களின் நடுவில் எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரெய்டரும் கண்டுபிடித்தார்கள். ஜாக் ஷோஸ்டாக்கோடு சேர்த்து அவர்களுக்கு 2009-ல் நோபல் கிடைத்தது.

தூரம் ஒரு பொருட்டில்லையா?

இனிதான் முக்கியமான பரிசோதனை. 1942-ல் வெளியானது.

இதுவரை ஒட்டிக்கொண்டவை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருந்த நுனிகள். பிரதி எடுத்த இரண்டும் அருகருகே இருந்தால் ஒட்டுவதில் பெரிய ஆச்சரியம் இல்லை. இரண்டு நுனியும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தால்?

மெக்ளின்டாக் செய்தது இது. உடைந்த 9-ஆம் குரோமோசோம் உள்ள மகரந்தத்தை, அதேபோல் உடைந்த 9-ஆம் குரோமோசோம் உள்ள செடியின் கதிரில் சேர்த்தார். அப்பா வழியில் ஒரு உடைந்த நுனி, அம்மா வழியில் ஒரு உடைந்த நுனி. இரண்டு உட்கருக்களும் கலந்து ஒன்றாகும்போது, இதுவரை ஒன்றையொன்று பார்த்தே இராத இரண்டு நுனிகள் ஒரே உட்கருவுக்குள் வருகின்றன. அவை எந்த மூலையில் இருக்கும் என்று யாரும் திட்டமிடவில்லை.

இருந்தும், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

1983 மேடையில் அவர் திரும்ப எடுத்துப் பேசியது இந்த மாதிரி சோதனைகளைத்தான். தன் உட்கருவுக்குள் உடைந்த நுனி இருப்பதைச் செல் உணர்கிறது, நுனிகளை ஒன்றை நோக்கி ஒன்றைக் கொண்டுவருகிறது, பிறகு இணைக்கிறது என்பது அவர் முடிவு. உட்கருவில் தொடக்கத்தில் அந்த நுனிகள் எவ்வளவு தள்ளி இருந்தாலும் இது நடக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். 1942-ன் மைக்ரோஸ்கோப்பை வைத்து இந்த அளவுக்குப் போனது பெரிய துணிச்சல். அது முழுக்கச் சரியா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

ஜன்னல் வழியே ஏறியவர்

மிசௌரி வாழ்க்கை நல்லபடியாக முடியவில்லை. ஒரு நாள் ஆய்வகச் சாவியை மறந்துவிட்டு, கட்டடச் சுவரில் ஏறி ஜன்னல் வழியாக உள்ளே போனார். அது பல்கலைக்கழகம் முழுக்கப் பேச்சானது. பேராசிரியர் கூட்டங்களுக்குத் தன்னை அழைப்பதில்லை, நிரந்தர வேலை தரப்போவதில்லை, ஸ்டாட்லர் போய்விட்டால் தானும் போக வேண்டியதுதான் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்பதில் வரலாற்று ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியோ, 1941-ல் கையில் வேலை இல்லாமலே கிளம்பிவிட்டார்.

அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சோளக்காடு. அந்த ஆண்டு கோடையில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் நடவுக்கு இடம் கிடைத்தது. கார்னகி நிறுவனத்தின் மரபியல் துறை முதலில் தற்காலிக வேலை கொடுத்தது, பிறகு நிரந்தரமாக்கியது. பாடம் நடத்த வேண்டாம், கூட்டங்கள் வேண்டாம். அடுத்த 50 ஆண்டுகள் அந்த இடத்தை விட்டு அவர் நகரவில்லை.

மரியாதை வரத்தான் செய்தது. 1944-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வான மூன்றாவது பெண். 1945-ல் அமெரிக்க மரபியல் சங்கத்தின் முதல் பெண் தலைவர். அவரை யாருமே கண்டுகொள்ளவில்லை என்று இணையத்தில் சுற்றும் கதைகளைப் படிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

தாவும் மரபணு, உடைப்பின் வழியாக

தாவும் மரபணு கண்டுபிடிப்பே உடைந்த நுனிகளைத் துரத்தியதால் வந்ததுதான். 1944-ல் இரு பெற்றோரிடமிருந்தும் உடைந்த 9-ஆம் குரோமோசோம் பெற்ற செடிகளை அவர் வளர்த்தார். அவற்றின் விதைகளை விதைத்தபோது, நாற்றுகளின் இலைகளில் விசித்திரமான வரிகள். ஒரு திட்டில் ஏதோ கூடியிருந்தது. ஒட்டினாற்போல் பக்கத்துத் திட்டில் அதே விஷயம் குறைந்திருந்தது. ஒரு செல் பிரியும்போது ஒரு பிள்ளை இழந்ததை இன்னொரு பிள்ளை பெற்றிருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார்.

9-ஆம் குரோமோசோம் சில செடிகளில் எப்போதும் ஒரே இடத்தில் உடைவதையும் கவனித்தார். அந்த இடத்துக்கு டிசோசியேஷன் என்று பெயரிட்டார். அது தானாக உடைவதில்லை, ஆக்டிவேட்டர் என்ற இன்னொரு கூறு இருந்தால்தான் உடைகிறது. பிறகு ஒரு செடியில், உடையும் அந்த இடமே வேறு இடத்துக்கு மாறியிருந்தது. அது நிற மரபணுவுக்குள் போய் உட்கார்ந்தால் மணி வெளுத்துவிடும். அங்கிருந்து கிளம்பினால், வெளுத்த மணியில் புள்ளி புள்ளியாக நிறம் திரும்பும். மரபணுக்கள் மாலையில் கோத்த மணிகள் மாதிரி அசையாமல் இருக்கும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது.

1951-ல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் நடந்த கருத்தரங்கில் இதை விளக்கினார். அரங்கம் அமைதியாக இருந்தது. புரியாததால் சிலர், நம்பாததால் சிலர். இடம் மாறுவதைப் பலரும் ஏற்றுக்கொண்டார்கள், அந்த இடமாற்றம்தான் செடியின் வளர்ச்சியையே கட்டுப்படுத்துகிறது என்ற அவருடைய பெரிய கோட்பாட்டைத்தான் ஏற்கவில்லை என்று பின்னாளைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது நியாயமான விளக்கமாகவே படுகிறது. அவருக்கு மட்டும் அந்த அமைதி ஆழமாகக் குத்தியது. சில ஆண்டுகளில் இந்த ஆய்வை முக்கிய இதழ்களில் விரிவாக வெளியிடுவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் எழுதினார், அதைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். ஆய்வை மட்டும் நிறுத்தவில்லை. 1957-க்குப் பிறகு மத்திய, தென் அமெரிக்க நாடுகளின் பாரம்பரிய சோள ரகங்களை ஆராயப் போனார்.

1960-களின் இறுதியிலும் 1970-களிலும் பாக்டீரியாவில் தாவும் டி.என்.ஏ கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு ஈஸ்ட்டில், பழ ஈயில். அதற்கப்புறம் விருதுகள் வரிசை கட்டின. 1981-ல் மட்டும் லாஸ்கர், வுல்ஃப், மெக்ஆர்தர் என மூன்று. இரண்டு ஆண்டு கழித்து அந்த ரேடியோ செய்தி.

1992 செப்டம்பர் 2 அன்று, 90 வயதில், ஆய்வுக்கூடத்துக்கு அருகிலுள்ள ஹண்டிங்டனில் காலமானார்.

அவர் சொன்னது சரியா?

இப்போது அந்தப் பாக்கிக் கேள்வி. நுனிகள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சேருமா? அவர் இறந்த பிறகு, உயிருள்ள செல்லுக்குள் உடைப்பை ஒளிரவைத்துப் பார்க்கும் தொழில்நுட்பம் வந்தது. பதில் அவர் நினைத்ததைவிடச் சிக்கலாக வந்தது.

முதலில் ஈஸ்ட். பாரிஸின் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் 2006-ல் காட்டியது இது: ஈஸ்ட்டின் குரோமோசோம் முனைகள் வழக்கமாக உட்கருச் சுவரோடு கட்டிப்போடப்பட்டிருக்கும். அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டால், முனைக்கு அருகே நடக்கும் உடைப்பு சரியாகப் பழுதுபார்க்கப்படுவதில்லை. உடைப்பு அதேதான், பழுதுபார்க்கும் புரதங்களும் அதேதான். இருக்கும் இடம் மட்டும் மாறியது. 2008-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். எளிதில் சரிசெய்ய முடியாத உடைப்பு, உட்கருவின் நடுவிலிருந்து சுவர் ஓரத்துக்கு நகர்ந்து, அங்குள்ள வாசல்களில் ஒன்றோடு போய் ஒட்டிக்கொள்கிறது. சாலையில் நின்றுபோன வண்டியை ஓரங்கட்டி மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி.

பழ ஈயில் 2011-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் நடந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். டி.என்.ஏ நெருக்கமாகச் சுருண்ட பகுதியில் ஒரே மாதிரியான வரிசை திரும்பத் திரும்ப வரும். உடைப்பை அங்கேயே வைத்துச் சரிசெய்தால், பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் தவறான துண்டோடு ஒட்டிவிடும் ஆபத்து உண்டு. அதனால் செல் பழுதுபார்க்கும் வேலையைப் பாதியில் நிறுத்திவைத்து, உடைந்த நுனியை அந்த நெரிசலுக்கு வெளியே கொண்டுவந்த பிறகுதான் மீதியைத் தொடர்கிறது.

ஆக, செல் உடைப்பை உணர்கிறது, அதை நகர்த்தவும் செய்கிறது. இந்த வரைக்கும் மெக்ளின்டாக் சொன்னது அச்சு அசல்.

தூரம் விஷயத்தில்தான் அவர் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டார். 2016-ல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹேபரின் குழு ஈஸ்ட்டில் ஒரே உடைப்பை வைத்துக்கொண்டு, அதைச் சரிசெய்ய உதவும் மாதிரித் துண்டை மட்டும் வெவ்வேறு குரோமோசோம்களில் வெவ்வேறு இடங்களில் வைத்துப் பார்த்தது. உட்கருவுக்குள் உடைப்போடு அடிக்கடி உரசும் இடத்தில் அந்தத் துண்டு இருந்தால் பெரும்பாலான செல்கள் பிழைத்தன. எட்டாத இடத்தில் இருந்தால் வெற்றி குறைந்தது. பாலூட்டிகளின் செல்களில் நுனிகள் இன்னும் சோம்பேறி. 2007-ல் வெளியான ஆய்வில், உடைந்த நுனிகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இது மனிதர்களுக்கு ஏன் முக்கியம்? நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் உடைந்து, தவறான ஜோடியோடு ஒட்டிக்கொள்கின்றன. (மனிதரின் 9-க்கும் சோளத்தின் 9-க்கும் சம்பந்தமில்லை, எண் மட்டும்தான் ஒன்று.) ரத்த செல்களின் உட்கருவில் அந்த இரண்டு இடங்களும், தற்செயலாக எதிர்பார்ப்பதைவிட அடிக்கடி அருகருகே காணப்படுகின்றன. எந்தெந்தப் பகுதிகள் அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன என்பது, எந்தப் புற்றுநோய் வரும் என்பதிலும் பங்கு வகிக்கிறது. மெக்ளின்டாக்கின் உடைப்புச் சுழலும் இன்று புற்றுநோய்க் கட்டிகளில் தினம் பார்க்கப்படும் காட்சி. டெலோமியர் தேய்ந்துபோன செல்களில் குரோமோசோம்கள் அதே மாதிரி ஒட்டி, பாலமாகி, அறுந்து, மரபணுக்களை ஒரு பக்கம் குவித்து மறுபக்கம் காலி செய்கின்றன.

2013-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள், வெவ்வேறு குரோமோசோம்களின் உடைந்த நுனிகள் தவறாக ஜோடி சேர்வதை உயிருள்ள செல்லில் படமாகவே எடுத்தார்கள். சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை ஆரம்பத்திலிருந்தே பக்கத்தில் இருந்தவை. ஆனா எல்லாம் இல்லை. சில நுனிகள் உட்கருவின் தொலைவான இடங்களிலிருந்து மணிக்கணக்கில் நகர்ந்துவந்து ஒட்டிக்கொண்டன.